இமை திடீர்னு இறங்கிடுச்சா? கண்ணாடி மாத்த வராதீங்க

"பவர் மாறிடுச்சு போல தம்பி, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, கண்ணாடிய மாத்திக் குடு"ன்னு கேட்டு வர்றவங்கள கும்பகோணத்துல நான் வேலை பாக்குற கடையில அடிக்கடி பாக்குறேன். நான் உடனே பவர் செக் பண்ண மாட்டேன், ஒரு கண்ண கையால பொத்திக்கிட்டு பாருங்கம்பேன். எந்தக் கண்ண பொத்தினாலும் ஒண்ணாயிடுதுன்னா அது கண்ணாடி பிரச்சினை இல்ல, ரெண்டு கண்ணும் ஒரே இடத்த பாக்கலன்னு அர்த்தம். ஒரு கண்ண பொத்தியும் ரெண்டாவே தெரிஞ்சா பெரும்பாலும் புரை, பவர் இப்படித்தான் இருக்கும், அத நிதானமா பாத்துக்கலாம்.

மூளையிலேர்ந்து நேரா கிளம்புற நரம்பு 12 ஜோடி, அதுல 3, 4, 6 இந்த மூணும்தான் கண்ண அசைக்குது. 6-வது நரம்பு கண்ண வெளிப்பக்கம் திருப்பும். 4-வது வீக்கானா கீழ பாக்கும்போதுதான் தொந்தரவு, மாடிப்படி இறங்கறப்ப படி ரெண்டா தெரியும், அதனால சிலர் தலைய ஒரு பக்கம் சாய்ச்சே நடப்பாங்க. இந்த ரெண்டு நரம்பும் ஆளுக்கு ஒரு தசையத்தான் பாத்துக்குது; கண்ண அசைக்குற மத்த நாலு தசை, இமைய தூக்கறது, கண் பாப்பாவ சுருக்கறது எல்லாமே 3-வது நரம்போட பொறுப்பு.

பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு ஐயாவ மக கூட்டிட்டு வந்திருந்தாங்க, ரொம்ப வருஷ சுகர், வலது இமை முழுசா மூடியிருந்துச்சு. "ஐயா, நேரா என் மூக்க பாருங்க"ன்னு சொல்லி இமைய விரலால தூக்கினேன், கண்ணு வெளிப்பக்கமா, கொஞ்சம் கீழ ஒதுங்கி நின்னுச்சு, தூக்கின நிமிஷமே "ஐயையோ நீ ரெண்டு பேரா தெரியுற"ன்னாரு. அதுவரைக்கும் மூடின இமைதான் அத மறைச்சிருக்கு. டார்ச் அடிச்சேன், ரெண்டு பாப்பாவும் ஒரே அளவுல நல்லா சுருங்குச்சு.

அந்த டார்ச் வெளிச்சத்துலதான் பாதி விஷயம் இருக்கு. வெளிச்சம் பட்ட சேதிய 2-வது நரம்பு மூளைக்கு கொண்டு போகும், அங்கேர்ந்து 3-வது நரம்பு வழியா ரெண்டு பக்கத்துக்கும் உத்தரவு வரும், அதனால ஒரு கண்ணுல அடிச்சாலும் ரெண்டும் சுருங்கணும். பாப்பாவுக்குப் போற இழைங்க 3-வது நரம்போட வெளிப்புறத்துல ஓடுது. சுகர்ல நரம்போட உள்பக்கத்துக்குத்தான் ரத்தம் குறையும், அதனால இமை விழுந்தாலும் பாப்பா பெரும்பாலும் தப்பிச்சுக்கும், மூணு மாசம் போல ஆனா நிறைய பேருக்கு தானாவே சரியாகும். ஆனா மூளையில ஒரு ரத்தக்குழாய் புடைச்சு நரம்ப வெளியிலேர்ந்து அழுத்துச்சுன்னா பாப்பா விரிஞ்சு நின்னுடும், அந்தக் குழாய் வெடிச்சா உயிருக்கே ஆபத்து. இமை இறங்கி, தலைவலியும் சேர்ந்து, ஒரு பாப்பா பெருசா தெரிஞ்சா கிளினிக் கிளினிக்கா அலையாம ஸ்கேன் வசதியுள்ள தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே போயிடணும். பாப்பா நார்மலா இருக்குன்னு வீட்டுலயே முடிவு பண்ணி உக்காந்துடாதீங்க, அந்த ஐயாவையும் நான் அன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்டதான் அனுப்பினேன்.

இன்னொன்ன நம்ம ஊர்ல கட்டாயம் சொல்லணும். அறுப்பு நேரத்துல களத்துலயும் கொள்முதல் நிலையத்துலயும் நெல்லுக்கு காவலா தரையிலயே படுத்துடுறாங்க. கட்டுவிரியன் ராத்திரியில கடிக்கும், பல சமயம் வலியும் இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியக்காலையில வயித்து வலி, ரெண்டு இமையும் தூக்க முடியாம இறங்குது, எச்சி முழுங்க முடியல, பேச்சு குழறுதுன்னா அது தூக்கக் கலக்கமோ குடிச்ச மயக்கமோன்னு விட்டுடாதீங்க. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவுல சேதி போறத நிறுத்திடுது, அது பெரும்பாலும் முதல்ல தெரியறது இமையிலதான், அடுத்து மூச்சு விடுற தசைக்குப் போகும். மந்திரிக்கவோ பச்சிலைக்கோ போய் நேரத்த விடாம 108-க்கு போன் போடுங்க, விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில இலவசம். கடிச்ச தடம் இல்லாட்டியும் "ராத்திரி களத்துல தரையில படுத்திருந்தாரு"ங்கறத டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.