வாழைச் சாம்பலில் வடித்த சுவை

அசாமில் மரபு முறையிலான மதிய உணவு ‘கார்’ என்னும் பண்டத்தில் தொடங்கி, ‘டெங்கா’ என்னும் குழம்பில் முடிகிறது. முதலாவது மோட்டார் வண்டியும் அன்று, இரண்டாவது தேங்காயும் அன்று. டெங்கா என்றால் புளிப்பு; கார் என்றால், வேதியியல் பாடத்தில் அமிலத்துக்கு எதிராக நாம் படிக்கும் அதே காரம். ஒரு பண்டத்தின் பெயரே அதன் வேதியியலைச் சொல்லிவிடுவதைச் சமையலறைச் சொற்களில் அரிதாகவே காண முடியும்.

சொல்லின் வேர் சமஸ்கிருதத்தின் ‘க்ஷாரம்’. தமிழுக்கு வந்த அந்தக் காரம் மிளகாயின் உறைப்புக்குப் பெயராகிவிட்டதால் அதன் பழைய பொருள் பின்னுக்குப் போய்விட்டது. ஆனாலும் அப்பளக்காரத்திலும் வெங்காரத்திலும், இலங்கைத் தமிழர் சோப்புக்கு வழங்கும் சவர்க்காரத்திலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசாமியரோ சாம்பலிலிருந்து வடித்த நீரையும் கார் என்கிறார்கள், அதை ஊற்றிச் சமைத்த பண்டத்தையும் கார் என்கிறார்கள். தங்களையே ‘கார் உண்ணும் அசாமியர்’ என்று வேடிக்கையாகவும் பெருமையாகவும் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம்.

வடிநீரில் சிறந்ததாகக் கருதப்படுவது வாழையிலிருந்து கிடைக்கும் ‘கொலாகார்’. ‘பீம்கொல்’ என்னும் விதையுள்ள வாழையின் பழத்தோலையும் தண்டையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து எரிக்கிறார்கள். ஆறிய சாம்பலில் தண்ணீரை ஊற்றி மெதுவாக வடியவிட்டால், இளந்தேநீர் நிறத்தில் ஒரு நீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இரண்டு விரல்களால் தொட்டுத் தேய்த்தால் அது வழவழக்கும். நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் காரம் அங்கேயே சோப்பாக மாற்றத் தொடங்குவதுதான் அந்த வழவழப்புக்குக் காரணம்.

வாழையில் பொட்டாசியம் மிகுதி. செடிக்குள் கரிம அமிலங்களோடு சேர்ந்திருக்கும் அது, எரியும்போது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறிச் சாம்பலில் தங்கிவிடுகிறது. சாம்பலில் கால்சியம் கார்பனேட்டும் உண்டு என்றாலும் அது தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். பொட்டாசியம் கார்பனேட்டோ 100 மில்லி தண்ணீரில் 100 கிராமுக்கு மேல் கரையும். ஆகவே வெறும் தண்ணீரே இரண்டையும் பிரித்துவிடுகிறது. கரைந்த கார்பனேட் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விட்டுவைப்பதால், வடிநீரின் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) 10-க்கு மேல் போகிறது. பானையில் காய்ச்சிய சாம்பல் உப்புக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் பொட்டாஷ். 1807-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி உருகிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்த உலோகத்துக்கு அதிலிருந்தே பொட்டாசியம் என்று பெயர் வந்தது.

இனி அடுப்புக்கு வருவோம். பச்சைப் பப்பாளியில் செய்வது ‘ஒமிதார் கார்’, சுரைக்காயில் செய்வது ‘லாவ் கார்’, உளுந்தில் செய்வது ‘மாட்டிமாஹர் கார்’. காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையின் நீண்ட சங்கிலிகள், காரம் கலந்த கொதிநீரில் வேகமாக அறுபடுகின்றன. அதனால் பப்பாளித் துண்டு விரைவில் குழைகிறது, உளுந்தும் சீக்கிரம் வெந்துவிடுகிறது. இறக்கிய பின்பு பச்சைக் கடுகெண்ணெயைச் சிறிது விடுவார்கள். கொலாகாரின் அளவு கூடிவிட்டால் சோப்பின் சுவை தட்டும். முற்காலத்தில் துணி வெளுக்கவும் தலை அலசவும் இதே நீர் பயன்பட்டதை நினைத்தால் அதில் வியப்பில்லை. காரத்தில் வேகும்போது தயமின் என்னும் பி1 வைட்டமின் சிதைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவாக ஊற்றுவதற்கு நாக்கு மட்டுமே காரணம் அன்று.

நகரங்களில் பலர் கொலாகாருக்குப் பதிலாகச் சமையல் சோடாவைப் போடுகிறார்கள். காயைக் குழைக்கும் வேலையை அதுவும் செய்யும். ஆனால் அது சோடியம் உப்பு, சாம்பலின் மெல்லிய புகைமணம் அதில் இல்லை. இந்த மாற்றுப் பண்டத்தையும் கார் என்றே அழைப்பதில் மரபுவாதிகளுக்கு வருத்தம் இருக்கலாம். வேதியியல்படி பார்த்தால் அந்தப் பெயரில் பிழையில்லை.

உணவின் கடைசியில் வரும் ‘மாஸர் டெங்கா’ மீன் குழம்பு. தக்காளியோ, எலுமிச்சையோ, உலர்த்திய ‘தெக்கேரா’ என்னும் குடம்புளி இனத்துக் காயோ அதற்குப் புளிப்பைத் தரும். கார் என்ற சொல்லைப் போலன்றி, டெங்கா என்பது செடிகளின் பெயருக்குள்ளும் புகுந்துவிட்டது: யானை ஆப்பிள் என்னும் பெரிய காய்க்கு ‘ஒவ் டெங்கா’ என்று பெயர். ஈரத் தரையில் படரும் மூவிலைக் கீரை ஒன்றும் ஆக்சாலிக் அமிலத்தால் புளிக்கிறது. அசாமியர் அதை ‘டெங்கேசி’ என்கிறார்கள். அதே கீரையைக் கடித்துப் பார்த்த தமிழர் வைத்த பெயர் புளியாரை.