ஹைட்ரானிக் பைப்பிங்: நீர்ச்சுற்றுக் குழாயமைப்பு

அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வருகிறவர்களுக்கு அறைக்குத் திரும்பியதும் வெந்நீர் வேண்டும். ராமேசுவரத்தில் விடுதி நடத்துகிறவர்கள் கீசருக்குப் பதிலாக, காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைக்கலாமா என்று விசாரித்தால், கைக்கு வரும் கொட்டேஷனில் ‘ஹைட்ரானிக் பைப்பிங்’ என்று ஒரு வரி இருக்கும். கேட்டால், “அது தண்ணி லைன் சார்” என்பார்கள். தண்ணி லைன்தான். ஆனால் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் லைன் இல்லை.

வெப்பத்தையோ குளிர்ச்சியையோ நீரில் ஏற்றி, குழாய் வழியே வேண்டிய இடத்துக்கு அனுப்பி, அங்கே இறக்கிவிட்டு, அதே நீரைத் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஹைட்ரானிக் என்று பெயர். நீர் செலவாவதில்லை. சுற்றிக்கொண்டே இருக்கும்.

சொல் பழையதில்லை. 1940களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஹைட்ரோ என்பது நீரைக் குறிக்கும் கிரேக்க வேர். பின்னால் வரும் ‘ஆனிக்’, எலக்ட்ரானிக் என்ற சொல்லைப் பார்த்து ஒட்டியது. ஹைட்ராலிக் வேறு. திரவத்தின் அழுத்தத்தைக் கொண்டு வேலை வாங்குவது அது. பொக்லைனின் கை தூக்குவதும் இறங்குவதும் அப்படித்தான். ஹைட்ரானிக்கில் அழுத்தம் முக்கியமில்லை, நீர் சுமந்து போகும் வெப்பம்தான் முக்கியம்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘நீரியல் குழாய்’ என்று எழுதினால் தவறாகிவிடும். மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய படிப்புக்கு நீரியல் என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘வெப்பநீர்க் குழாய்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடா நாடுகளில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவர்களைக் கேளுங்கள். “சில்லர் லைன்தானே காக்கா, அங்கே பெரிய கட்டடம் எல்லாத்துக்கும் அதானே” என்பார்கள். அவர்கள் போட்ட குழாய்களில் ஓடியது 7 டிகிரி குளிர்நீர். அதுவும் ஹைட்ரானிக்தான். வெப்பநீர் என்று பெயர் வைத்தால் அந்த அனுபவம் முழுக்க வெளியே போய்விடும்.

என் தேர்வு ‘நீர்ச்சுற்று’. மின்சுற்று என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எலக்ட்ரானிக்கைப் பார்த்து ஹைட்ரானிக் பிறந்தது போல, மின்சுற்றைப் பார்த்து நீர்ச்சுற்று பிறக்கட்டும். ஹைட்ரானிக் பைப்பிங் என்பது நீர்ச்சுற்றுக் குழாயமைப்பு. சூடானாலும் குளிர்ந்தாலும் இந்தப் பெயர் நிற்கும்.

அடுத்து ஹீட் பம்ப். ‘வெப்ப எக்கி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ‘வெப்ப ஏற்றி’ எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. ஏற்றம் கிணற்றிலிருந்து தண்ணீரை மேட்டுக்குத் தூக்கியது போல, இந்த எந்திரம் 30 டிகிரிக் காற்றில் கிடக்கும் வெப்பத்தை 55, 60 டிகிரி நீருக்குத் தூக்குகிறது. வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை, தூக்குவதற்குத்தான் மின்சாரம். அதனால்தான் கீசர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும்போது, இது மூன்றுக்கு மேல் தர முடிகிறது. தூக்கும் உயரம் குறைந்தால் செலவும் குறையும். நம் கடற்கரையில் மார்கழியிலும் காற்று அவ்வளவு குளிர்வதில்லை என்பது நமக்கு லாபம்.

இந்த எந்திரத்தின் வரலாற்றில் வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கெல்வின் பிரபு 1852இல் இதன் கோட்பாட்டைச் சொன்னார். அப்புறம் சில ஆண்டுகளிலேயே ஆஸ்திரியாவின் எபன்சே என்ற ஊரில் பீட்டர் ரிட்டிங்கர் முதல் வெப்ப ஏற்றியைக் கட்டினார். எதற்கு? உப்புநீரைக் காய்ச்சி உப்பு எடுக்க. வாலிநோக்கத்தில் வெயில் இலவசமாகச் செய்யும் வேலையை அங்கே எந்திரம் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

சரி, சுற்று என்ற சொல்லை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வேலையில் நடக்கும் பல தவறுகள் சுற்று என்று நினைக்காததால் வருகின்றன. மாடி எத்தனை என்று கேட்டுப் பம்பு வாங்குவது அதில் ஒன்று. நிரம்பிய மூடிய சுற்றில் ஒரு பக்கம் ஏறும் நீரின் எடையை மறுபக்கம் இறங்கும் நீர் ஈடுகட்டிவிடும். பம்பு வெல்ல வேண்டியது குழாய், எல்போ, வால்வு இவற்றின் உராய்வை மட்டும். எனவே அது சுழற்சிப் பம்பு. ஏற்றுவது வெப்ப ஏற்றியின் வேலை.

குழாயின் பருமனும் அப்படித்தான். 10 கிலோவாட் வெப்பத்தை, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரி வேறுபாட்டில் சுமக்க, மணிக்கு ஏறக்குறைய 1,720 லிட்டர் ஓட வேண்டும். பாய்லரில் 20 டிகிரி வேறுபாடு கிடைக்கும் என்பதால் 430 லிட்டர் போதும். பழைய பாய்லர் லைனிலேயே வெப்ப ஏற்றியைக் கோத்துவிட்டு ‘மெஷின் அடிக்கடி நிற்கிறது’ என்று நொந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மொட்டை மாடியில் எந்திரத்தின் முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு வாய் தெரியும்: ‘வாட்டர் இன்’, ‘வாட்டர் அவுட்’. இன் என்பது எந்திரத்துக்குள் வருவது. அதாவது தொட்டியிலிருந்து ஆறித் திரும்பும் நீர். தொட்டிப் பக்கம் நின்று வேலை செய்கிறவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். எந்திரத்திலிருந்து புறப்படுவதைப் ‘போக்குக் குழாய்’ என்றும் திரும்புவதை ‘மீள்குழாய்’ என்றும் பெயிண்டால் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். வரத்துக் குழாய் என்று எழுத வேண்டாம். கண்மாய்க்கு வரத்துக்கால் பார்த்த கண்ணுக்கு, தொட்டிக்கு வருவதுதான் வரத்து.

குப்பையைப் பிடிக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் மீள்குழாயில், எந்திரத்துக்குச் சற்று முன்னால், அம்புக்குறி நீரோட்டத்தின் திசையில் இருக்கும்படி வர வேண்டும். வால்வுக்குத் தமிழில் ‘ஓரதர்’ என்கிறார்கள். அதர் என்றால் வழி, ஓரதர் ஒருவழி. உள்ளே பந்து சுழன்று திறக்கும் ‘பால் வால்வு’ நீரை இரு திசையிலும் விடும் என்பதால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. நீரைத் திரும்பிவர விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அச்சாகப் பொருந்தும். மற்றதெல்லாம் வால்வாகவே இருக்கட்டும்.

மூடிய சுற்றில் நீர் விரிய இடம் வேண்டும். 300 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 4 லிட்டர் கூடும். எக்ஸ்பான்ஷன் டேங்க் என்ற ‘விரிவுத் தொட்டி’ அதற்காகத்தான். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அதை இணைப்பார்கள். குழாயும் நீளும். பிபிஆர் என்ற பிளாஸ்டிக் குழாயில் சாதாரண வகை 10 மீட்டர் இருந்தால் 30 டிகிரி ஏற்றத்தில் 45 மில்லிமீட்டர் நீளும், செம்பு 5 மில்லிமீட்டர்தான். கிளாம்பை இறுக்கி அடித்தால் பிபிஆர் பாம்பாக நெளிந்து நிற்கும்.

நம் கடற்கரைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். குளிக்கும் நீரையே எந்திரத்துக்குள் ஓடவிடும் முறையும் விற்பனையில் இருக்கிறது. அதில் சுற்றும் நீர் செலவாகி, புது நீர் வந்துகொண்டே இருக்கும். உவர்ப்பு நீர் உள்ள ஊரில் எந்திரத்துக்குள் நீருக்கு வெப்பம் ஏறும் இடமான வெப்பமாற்றியின் தகடுகளுக்கு இடையே உப்புப் படிந்து அடைத்துவிடும். சுற்றுநீரைத் தனியாக வைத்து, தொட்டிக்குள் ஒரு சுருள் வழியே வெப்பத்தை மட்டும் இறக்குவதே இங்கே சரி. சுற்றில் நல்ல நீரை ஒரு தடவை நிரப்பினால் போதும். அடுத்தது உப்புக்காற்று. எந்திரத்தைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள். காற்று புகுந்து போகும் மெல்லிய தகடுகளான ஃபின், பூச்சுள்ளதாகக் கேளுங்கள். அதை நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவுங்கள். செம்பையும் ஜிஐ என்ற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் நேரடியாகச் சேர்த்தால் ஜிஐ அரித்துப்போகும், ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இன்னும் வேகமாக.

குழாய் போட்டு முடிந்ததும் எந்திரத்தை உடனே இணைக்கக் கூடாது. முதலில் குழாயை மட்டும் கழுவ வேண்டும். டெஃப்லான் துணுக்கு, சணல், வெட்டிய பிசிறு எல்லாம் வெளியே வரும். பிறகு வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் எந்திரம். நிரப்பும் அழுத்தத்துக்குக் கணக்கு சுலபம்: 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு), அதோடு சிறிது கூடுதல். உச்சியில் இருக்கும், காற்றை வெளியே விடும் ஏர் வென்ட்டைத் திறந்து, சீறல் நின்று நீர் வரும்வரை காத்திருங்கள். பம்பை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடியும் காற்றை விடுங்கள். கடைசியாக ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். முதல் வாரத்தில் இன்னொரு தடவையும் பார்த்துவிடுங்கள்.