கல்லூரி வாசலுக்கு வரும்போதே கிழிந்திருக்கும் முழங்கை

இந்த ஆகஸ்டில் எங்கள் கல்லூரி பேஸ்பால் அணிக்குப் புதிதாக ஏழு பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், வந்தார்கள். முதல் வாரத்து உடல் பரிசோதனை என் பொறுப்பு. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்வேன். நான்கு பேருக்கு வீசும் கை முழுதாக நீளவில்லை. அது மட்டுமே நோய் இல்லை, பிட்சர்களில் பலருக்குச் சில டிகிரி குறையத்தான் செய்யும். ஆனால் அந்த நால்வரில் ஒருவனுக்கு முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டிக் கொஞ்சம் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தியதும், தோளோடு சேர்த்துக் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை, எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றான்.

எப்பவும் என்றால் எப்போதிலிருந்து? பதினைந்து வயதிலிருந்தாம். எம்ஆர்ஐ எடுத்தோம். ஜவ்வு கிழிந்திருந்தது. எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பந்துகூட வீசவில்லை, அதற்குள் முதல் சீசன் போய்விட்டது.

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துவிட்டு, மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, குளிர்ப் பிரதேசத்துக் கல்லூரி ஒன்றில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னராகப் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இப்படி ஒரு பையன் வருவான். அப்போதெல்லாம் வருத்தப்பட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அதே வாரச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு அண்ணா கேட்ட கேள்வி. அவர் மகனுக்குப் பதின்மூன்று வயது. நன்றாக வீசுவான், நானே பார்த்திருக்கிறேன். "தம்பி, அந்த டாமி ஜான் ஆபரேஷன் பண்ணிட்டா கை முன்னைவிட ஸ்பீடா வருமாமே? இவனுக்கு எந்த வயசுல பண்றது நல்லது?" என்றார். டாமி ஜான் என்பது கிழிந்த முழங்கை ஜவ்வுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை. அவர் கேட்டதோ கையில் எந்தக் கோளாறும் இல்லாத பையனுக்கு!

அண்ணாவைக் குறை சொல்ல மாட்டேன். இங்கேயே பிறந்து, இந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவர்களும் இதைத்தான் நம்புகிறார்கள். 2012-இல் வெளியான ஒரு கருத்தாய்வில், காயமே இல்லாவிட்டாலும் திறமையைக் கூட்ட இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளலாம் என்று சொன்ன உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் 51 சதவீதம். பெற்றோரில் 37 சதவீதம், பயிற்சியாளர்களில் 30 சதவீதம். பயிற்சியாளர்கள்! இந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று என்னால் மேற்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாக இந்த அறுவை சிகிச்சையைச் செய்தார். மணிக்கட்டுப் பக்கமிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, கிழிந்த ஜவ்வின் இடத்தில், எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான். ஜவ்வு என்பது இரண்டு எலும்பை விலகாமல் பிடித்து வைக்கும் கட்டு. பந்துக்கு வேகம் கொடுப்பது அதன் வேலையே இல்லை. வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் உடம்பின் சுழற்சியிலிருந்தும் வருகிறது. மாட்டு வண்டியில் நுகத்தடிக் கயிறு அறுந்தால் புதுக் கயிறு கட்டுவோம். புதுக் கயிறு கட்டியதால் மாடு வேகமாக ஓடாது.

"ஆனால் இன்ன பிட்சர் ஆபரேஷனுக்குப் பிறகு மணிக்கு 94 மைல் போட்டானே?" என்பார்கள். போட்டிருப்பான். ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு வருடம் கிழிந்துகொண்டிருந்த ஜவ்வோடு எவ்வளவு வேகம் போட்டான்? அந்த எண்ணோடு ஒப்பிட்டால் எதுவும் கூடுதலாகத்தான் தெரியும். அப்புறம், திரும்பி வர ஆகும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பந்தைத் தொடாமல் கால், இடுப்பு, முதுகு, தோள்பட்டை என்று வாரம் ஐந்து நாள் என்னிடம் வந்து வேலை செய்திருக்கிறான். வீசும் முறையைச் செப்பனிட்டிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பையன் பத்தொன்பது வயது ஆளாகியிருக்கிறான். அந்த வேகம் வளர்ச்சியும் உழைப்பும் கொடுத்தது. அந்த உழைப்பைக் கத்தி வைக்காமலேயே போட்டிருக்கலாம். தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கில் ஆடும் பிட்சர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் அறுவை சிகிச்சையால் வேகம் கூடியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. இதைச் செய்துகொண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். நல்ல எண்ணிக்கைதான், மருத்துவர்களின் திறமைக்குக் கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் டிவியில் நீங்கள் பார்ப்பது அந்த எட்டுப் பேரைத்தான். மீதி இரண்டு பேர் என் அறைக்கு வந்து, லாக்கரைக் காலி செய்ய ஒரு அட்டைப் பெட்டி இருக்குமா என்று கேட்பார்கள்.

ஒரு கல்லூரி அணியை எழுப்புவது எவ்வளவு சிரமம் என்று பேசும்போது எல்லாரும் பணம், மைதானம், பயிற்சியாளர் சம்பளம் என்று தொடங்குவார்கள். அதெல்லாம் உண்மை. கலிபோர்னியா பெர்க்லியே 2010-இல் செலவு தாங்காமல் பேஸ்பாலை நிறுத்துவதாக அறிவித்தது. ஆதரவாளர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள், 2011-இல் அதே அணி ஒமாஹாவில் கல்லூரி அணிகளின் தேசியக் கோப்பைக்கான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஆடியது. பாய்ஸி ஸ்டேட் நாற்பது வருடம் கழித்து 2020-இல் அணியைத் திரும்பத் தொடங்கி, கோவிட் வந்ததும் அதே ஆண்டு மூடிவிட்டது. பனிப் பிரதேசத்துக் கல்லூரிகளுக்கு இன்னொரு பாடு. சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும்போது மைதானத்தில் பனி கிடக்கும். முதல் நான்கைந்து வாரம் தெற்கே போய் அடுத்தவர் மைதானத்தில்தான் ஆட வேண்டும். மழைக்குப் பேர்போன ஒரேகான் ஸ்டேட் 2006, 2007, 2018 என்று மூன்று முறை கோப்பை வென்றதை எங்கள் பக்கத்துப் பயிற்சியாளர்கள் வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். 2019-இல் மிச்சிகன் இறுதிச் சுற்றுக்குப் போனபோது, 1966-க்குப் பிறகு எங்களைப் போன்ற குளிர்ப் பகுதிக் கல்லூரிகள் பல சேர்ந்த பிக் டென் கூட்டமைப்பின் அணி ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

ஆனால் என் அறையிலிருந்து பார்த்தால் அணி உடையும் இடம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான சீசனில் 56 ஆட்டம் வரை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஆட்டம், நடுவாரத்தில் பெரும்பாலும் இன்னொன்று. ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணி ஏறக்குறைய 150 பந்து வீசும். வாரத்துக்கு அறுநூறு. ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், முன்பு நாற்பது பேர் வரைகூட வைத்துக்கொண்டார்கள். 2025-26 முதல், நீதிமன்ற வழக்கில் உருவான புது ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு 34 பேர்தான். அதில் பாதிப் பேர் பிட்சர்கள் என்றால் பதினேழு கை. அந்தப் பதினேழில் நான்கு என் மேசையில் படுத்திருந்தால், மீதிப் பதிமூன்று கை அந்த அறுநூறைச் சுமக்கும். அடுத்த வருடம் அந்தப் பதிமூன்றில் இரண்டு என்னிடம் வரும்.

பயிற்சியாளர் என்ன செய்வார்? கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், வேறு கல்லூரியிலிருந்து தயாராக இருக்கும் இருபத்தொரு வயதுப் பிட்சரைத் தேடுவார். 2024-இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு சீசன்கூட வெளியே உட்காராமல் மாறலாம் என்று ஆகிவிட்டது. புதுப் பையனைப் பொறுமையாக வளர்ப்பதற்கு இருந்த காரணம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. நான் பதினான்கு மாதம் பக்கத்தில் நின்று தேற்றிய ஒருவன், கை சரியானதும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. போகும் முன் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எங்கள் தரப்பிலும் தப்பு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பையனைத் தேர்வு செய்யப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னில் வரும் எண்ணை. 90 மைல் என்றால், அதாவது மணிக்கு 145 கிலோமீட்டர், பேனாவை எடுப்பார்கள். 86 என்றால் அடுத்த மைதானத்துக்கு நடப்பார்கள். இது தெரிந்த பையன் என்ன செய்வான்? ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசுவான். உயர்நிலைப் பள்ளிகளில் 2017 முதல் எல்லா மாநிலமும் பந்து எண்ணிக்கைக்கு ஒரு விதி வைத்தாக வேண்டும். கல்லூரியில் தேசிய அளவில் அப்படி ஒரு விதி இன்றைக்கும் இல்லை. 2009 மே மாதம் டெக்சாஸும் பாஸ்டன் காலேஜும் ஆடியபோது, வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம் 25 இன்னிங்ஸ் போனது. முந்தின நாளும் வீசியிருந்த டெக்சாஸ் பிட்சர் ஆஸ்டின் வுட், அன்று உள்ளே வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து வீசினார். அதை வீரக் கதையாகவே இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும்.

இனி பெற்றோருக்கு. எப்படிக் கிழிகிறது என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. ஒரே கையால் ஒரே வேலையை ஓய்வில்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வருடத்தில் நான்கு மாதம் பிட்சிங் வேண்டாம். அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக, தலைக்கு மேல் கையைத் தூக்கி எறியும் எந்த வேலையும் வேண்டாம். இது என் சொந்தக் கருத்து இல்லை, மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் கொடுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வருடத்துக்கு எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசிய பையன்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. கை களைத்த பிறகும் அடிக்கடி வீசியவர்களுக்கு முப்பத்தாறு மடங்கு. இந்த முப்பத்தாறைத் தயவுசெய்து ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். வலி வந்தால் நிறுத்துகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். வலி வரை காத்திருக்காதீர்கள். பந்து மேலே மேலே போகிறது, முழங்கை தாழ்கிறது, ஒவ்வொரு பந்துக்கும் இடையில் பையன் கையை உதறுகிறான் என்றால் அன்றைக்குப் போதும், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பந்தை எண்ணுங்கள். பயிற்சியாளர் எண்ணுவார் என்று விடாதீர்கள், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணியில் வீசியது பள்ளிப் பயிற்சியாளருக்குத் தெரியாது. 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்ச வரம்பு, 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஒரே வார இறுதியில் இரண்டு அணிக்கு வீசுவது கூடவே கூடாது. வீசி முடித்ததும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார வைப்பதும் அப்படித்தான், கேட்சரும் நாள் முழுக்கப் பந்தை எறிகிறவன்தான். ஆட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முழங்கையின் உள்பக்கம் வலித்தாலோ, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனாலோ அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்லூரிக்காரர்கள் முன் திறமையைக் காட்டும் ஷோகேஸ் என்ற பெயரில் நவம்பரில், டிசம்பரில் எழுநூறு டாலர், எண்ணூறு டாலர் கட்டிப் பிள்ளையை அழைத்துப் போகிறீர்களே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடமே கல்லூரிகள் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கின. 2023-இல் விதி மாறிவிட்டது. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன் கல்லூரிப் பயிற்சியாளர், பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1-க்கு முன் பையனிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. பதின்மூன்று வயதில் யாருக்காக அவன் குளிரில் 80 மைல் வீசுகிறான்? முழு ஸ்காலர்ஷிப் கனவுக்கும் இதே பதில்தான். நேற்று வரை ஒரு முழு அணிக்கே 11.7 ஸ்காலர்ஷிப், அதை 27 பேருக்குப் பங்கு போட்டார்கள். அந்த உச்சவரம்பு இப்போது புது ஒப்பந்தத்தில் உள்ள கல்லூரிகளுக்கு இல்லைதான், ஆனால் 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கும் பணம் எத்தனை கல்லூரியிடம் இருக்கிறது?

கல்லூரிக்கு அனுப்பும்போது தாய்தகப்பன் கேட்க வேண்டியது மைதானம் எவ்வளவு பெரிது என்பதை இல்லை. போன வருடம் எத்தனை பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்று கேளுங்கள். இன்றைக்கு இவன் வீசக் கூடாது என்று ட்ரெய்னர் சொன்னால் பயிற்சியாளர் கேட்பாரா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையை விடுங்கள்.

ஆகஸ்டில் ஜவ்வு கிழிந்தபடி வந்த அந்தப் பையனுக்கு செப்டம்பரில் அறுவை சிகிச்சை முடிந்தது. இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு வருகிறான். ஒரு வாளி நிறைய அரிசியில் கையை விட்டு விரல்களை விரித்து மூடுவதுதான் இப்போதைக்கு அவன் பயிற்சி. பந்தைத் தொட இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

தமிழ்ப் பள்ளி அண்ணாவின் மகனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, பந்து எண்ணிக்கை, கை எப்படி இருந்தது என்று மூன்று பத்தி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உள்ள பக்கங்களில் அவனும் நானும் சேர்ந்து குறுக்கே கோடு போட்டோம். அந்த நான்கு மாதம் கூடைப்பந்து ஆடப் போகிறானாம்.