அமெரிக்க அதிபரின் மன்னிப்பு: மனு அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

கூட்டாட்சிச் சட்டத்துக்கு, அதாவது மத்திய அரசின் சட்டத்துக்கு, எதிரான குற்றங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பிரிவு அதிபருக்கு அளிக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பதவிநீக்க நடவடிக்கையில் மட்டும் அவர் தலையிட முடியாது. விஸ்கி வரிக் கிளர்ச்சியில் தண்டனை பெற்றவர்களை 1795இல் முதல் அதிபர் வாஷிங்டன் மன்னித்தார். வழக்கே தொடரப்படாத முன்னாள் அதிபர் நிக்சனை 1974இல் அடுத்த அதிபர் ஃபோர்டு மன்னித்தார். வரலாறு இவ்வளவு போதும். சிபாரிசு எதுவும் இல்லாத ஒருவர், அரசின் நீதி அமைச்சகத்தில் இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் மன்னிப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மனு அனுப்பும்போது எங்கே இடறுகிறார் என்பதே இங்கே முக்கியம்.

பெரும்பாலோர் முதல் படியிலேயே இடறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பி அனுப்பிவிட்டு, தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தபடி மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில்தான் அவருடைய தண்டனை மாநில நீதிமன்றம் விதித்தது என்பதும், அதிபரால் அதைத் தொடவே முடியாது என்பதும் அவருக்குத் தெரியவந்தன. தீர்ப்பின் முதல் பக்கத்தில் வழக்குத் தொடுத்தவரின் பெயரைப் பாருங்கள். 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்றிருந்தால் அது கூட்டாட்சி வழக்கு. 'ஸ்டேட் ஆஃப்', 'பீப்பிள் ஆஃப்', 'காமன்வெல்த் ஆஃப்' என்று தொடங்கி ஒரு மாநிலத்தின் பெயர் வந்தால், அந்த மாநில ஆளுநரையோ மன்னிப்பு வாரியத்தையோதான் அணுக வேண்டும்.

அடுத்தது ஐந்தாண்டுக் காத்திருப்பு. தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். சிறையிலிருந்து வெளிவந்த நாளே கணக்கின் தொடக்கம்; வீட்டுக்காவலும் காவல்தான் என்பதால், அது முடியும்வரை அந்தக் கணக்கு தொடங்காது. எந்த வகைக் காவலும் இல்லாத தண்டனைக்கு மட்டுமே தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுவார்கள். இந்த விதிகள் அதிபரைக் கட்டுப்படுத்துவதில்லை; அவர் நினைத்தால் நாளையே மன்னிக்கலாம். வாசலில் வரிசையில் நிற்பவருக்குத்தான் ஐந்தாண்டு.

மன்னிப்பு மனுவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். உங்களை நன்கறிந்த, ஆனால் இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத மூவரிடம் நற்சான்று உறுதிமொழி பெற வேண்டும். பழைய கைது ஒன்றை, பின்னர் தள்ளுபடியானதுதானே என்று எண்ணி விட்டுவிடுவதுதான் மிகவும் ஆபத்தானது. எஃப்.பி.ஐ. விசாரிக்கும்போது அது தெரியவந்தால், குற்றத்தைவிட மறைத்ததே பெரிதாகிவிடும். அக்கம்பக்கத்தாரையும் முதலாளியையும்கூட விசாரிக்கக்கூடும் என்பதால், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதன்பின் மௌனம்தான். நேர்முக விசாரணை கிடையாது, பதில் வர ஆண்டுகள் ஆகலாம். மனு நிராகரிக்கப்பட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள், மேல்முறையீடும் இல்லை. மறுபடி விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மனிதர் ஒருவரின் வாழ்க்கையை நிறுத்திவைத்திருக்கும் அலுவலகம் ஒரு வரியில் காரணம் சொல்லக்கூடக் கடமைப்படவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. முகவரி மாறினால் நீங்களே எழுதித் தெரிவியுங்கள்.

இன்னும் சிறையில் இருப்பவர் கேட்க வேண்டியது தண்டனைக் குறைப்பு; அதற்குப் படிவமே வேறு. ஒபாமா தம் பதவிக்காலத்தில் இப்படி 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார், ஆனால் அவர்களுடைய குற்றத்தீர்ப்பு அப்படியே இருந்தது. முழு மன்னிப்பு கிடைத்தாலும் பதிவு அழியாது. வேலை விண்ணப்பத்தில் தண்டனை பற்றிக் கேட்டால் 'ஆம்' என்று எழுதி, மன்னிப்பு பெற்றதைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். சில குற்றங்களுக்கான நாடுகடத்தலை அதிபரின் மன்னிப்பு தடுக்கும். போதைப்பொருள் குற்றங்களுக்குச் சட்டம் அந்த விலக்கை அளிக்கவில்லை. 2022 அக்டோபரில் பைடன் அறிவித்த கஞ்சா மன்னிப்பும் வெறுமனே வைத்திருந்த குற்றத்துக்கு மட்டுமே பொருந்தும், விற்றதற்குப் பொருந்தாது. அந்த மன்னிப்பு தானாகவே வந்தாலும், அதற்கான சான்றிதழைத் தனியே விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். எந்த மனுவிலும் கையெழுத்திடுவதற்கு முன், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தீர்ப்பின் நகலைக் காட்டிவிடுங்கள்.