மண்மட்டத்தில் மட்டும் மக்கும் மரத்தூண்

வீட்டை ஒட்டினாற்போல் மரத்தூண் நட்டு, மேலே தகரம் போட்டு, தன் கையாலேயே கார் கொட்டகை கட்டப்போகிற வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய கொட்டகையைப் பிரித்தபோது தூணின் மேல்பகுதி கெட்டியாக இருந்தது. எப்போதும் ஈரமாகவே கிடக்கும் களிமண்ணுக்குள் ஆழமாகப் புதைந்திருந்த நுனியும் பரவாயில்லை. நடுவில், மண்மட்டத்தை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு மட்டும் விரலால் உதிர்க்கும்படி மக்கியிருந்தது. ஏன் அங்கே மட்டும்?"

மிக நல்ல கேள்வி. கொட்டகை எத்தனை வருடம் நிற்கும் என்பதற்கான விடை அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது.

முதலில் மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கூரையின் எடையைத் தாங்குவது மரத்துக்குப் பெரிய வேலையே இல்லை. நார்களின் போக்கில் அழுத்தினால் மரம் அசாத்தியமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஆடுவதுதான் தொல்லை. நான்கு தூணும் நான்கு உத்தரமும் சேர்ந்தால் செவ்வகம்தான் கிடைக்கும். செவ்வகம் மூலைகளில் மடங்கிச் சாயும், முக்கோணம் சாயாது. அதனால் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சாய்வு முட்டுகள் கொடுக்கிறோம்.

அடுத்தது காற்று. நாலு பக்கமும் திறந்திருக்கும் கூரையைக் காற்று கீழிருந்து தள்ளும், மேலிருந்தும் உறிஞ்சும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 960 நியூட்டன். 3 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் நீளம் உள்ள கூரையில் இது ஏறத்தாழ 1,600 கிலோ எடைக்குச் சமம். கூரையின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்து இது கூடும், குறையும். தகரமும் மரமும் சேர்ந்த கூரையின் எடை இதன் பக்கத்தில்கூட வராது. ஆக, கொட்டகையின் கால் வெறுமனே தரையில் உட்கார்ந்திருந்தால் போதாது, கனமான கான்கிரீட் அடித்தளத்தோடு அதை இறுகப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, அந்த ஒரு சாணுக்கு வருவோம்.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உள்வெற்றிடத்தில் சும்மா தேங்கி நிற்கும் நீர் ஒன்று. செல் சுவருக்குள்ளேயே நுழைந்து, சுவரின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் சங்கிலிகளின் ஹைட்ராக்சில் (OH) குழுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மற்றொன்று. பச்சை மரம் காயும்போது வெற்றிடத்து நீர்தான் முதலில் போகும். அது போவதால் மரத்தின் அளவு மாறுவதில்லை. ஈரப்பதம் (முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு) சுமார் 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுவரில் ஒட்டிய நீர் கிளம்பும். மரம் சுருங்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடக்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகம், மையத்திலிருந்து வெளிப்பக்கமாக அதில் பாதி, நீளவாட்டில் கிட்டத்தட்ட இல்லை. 150 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தூணைப் பச்சையாக வாங்கி நட்டால் காய்ந்து முடிவதற்குள் அகலத்தில் 5, 6 மில்லிமீட்டர்கூடக் குறையலாம். ஆனால் 2.4 மீட்டர் நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறையாது. தூணில் நெடுக வெடிப்பு விடுவதும், இறுக்கி முடுக்கிய போல்ட் சில மாதத்தில் தளர்வதும் இதனால்தான். வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எடை தாங்கும் வேலைக்கு அது பெரும்பாலும் கெடுதல் இல்லை. போல்ட்டை மட்டும் மறக்காமல் மறுபடி முடுக்கிவிடுங்கள்.

கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் நிற்கும் மரத்தின் ஈரம் காற்றின் ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்தில் சுமார் 12 சதவீதம். 80 என்றால் 16. இந்த அளவில் எந்த மக்கும் பூஞ்சையும் வேலை செய்ய முடியாது. பூஞ்சை தாராளமாக வளர, செல் சுவர் முழுக்க நனைந்து, அதற்கு மேலும் கொஞ்சம் நீர் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இடம் விட்டு, 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் மரம் மக்காது என்பது தச்சர்களும் பொறியாளர்களும் நம்பிப் பின்பற்றும் கணக்கு.

தூணின் மேல்பகுதி பிழைத்த காரணம் இதுதான். ஆழத்தில் இருந்த நுனி பிழைத்ததற்குக் காரணம் வேறு: அங்கே தண்ணீர் நிறைய உண்டு, காற்று இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் பூஞ்சைக்கு வாழ்வில்லை. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களின் அடியில் சேற்றில் அடித்த மரக்கழிகள் பல நூற்றாண்டுகளாக நிற்பது இதனால்தான். பாக்டீரியாக்கள் அரிக்கத்தான் செய்கின்றன, ஆனால் மிக மெதுவாக. நீரும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் மண்மட்டம். மற்ற இரண்டு இடங்களிலும் ஏதோ ஒன்று குறைகிறது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூஞ்சை மரத்தைத் தின்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எப்படித் தின்கிறது?

பூஞ்சையின் இழை செல்லின் உள்வெற்றிடம் வழியாக ஊர்ந்து வருகிறது. அதன் உணவான செல்லுலோஸ் இருப்பது சுவருக்குள். செல்லுலோஸை வெட்டும் நொதிகள் பூஞ்சையிடம் உண்டு. ஆனால் அவை பெரிய புரத மூலக்கூறுகள். நனைந்து விரிந்த சுவரில்கூட இடுக்குகள் சில நானோமீட்டர்தான் இருக்கும். நொதி அதற்குள் போக முடியாது. சாப்பாடு எதிரே இருக்கிறது, கதவோ மிகக் குறுகல்.

மரத்தைப் பழுப்புக் கட்டிகளாக உதிர்க்கும் பழுப்பு அழுகல் பூஞ்சைகள் இதற்குக் கண்டிருக்கும் வழியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நொதியை அனுப்ப முடியாத இடத்துக்கு அவை வேதிவினையையே அனுப்புகின்றன. இழை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. மரத்திலும் மண்ணிலும் துளித்துளியாக இருக்கும் இரும்பு அயனிகளை அந்த அமிலம் பிடித்துக்கொள்கிறது. கூடவே சில சிறிய மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சுவருக்குள் ஊறிச் செல்கின்றன. உள்ளே அந்தச் சிறு மூலக்கூறுகள் இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. அந்த இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்க, ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நடக்கும் இந்த வினையை 1894இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் விவரித்தார். பூஞ்சைகள் அவருக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அதைப் பழகிவிட்டன.

ஹைட்ராக்சில் ராடிக்கல் எதிரே எது வந்தாலும் தாக்கும். அதன் ஆயுள் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் சில நானோமீட்டர் தூரம் போகலாம். அது பூஞ்சையின் பக்கத்தில் பிறந்தால் பூஞ்சையையே உடைத்துவிடும். அதனால்தான் ஆக்சாலிக் அமிலம் தேவைப்படுகிறது. இழையின் அருகே அமிலம் செறிவாக இருப்பதால் இரும்பு கட்டுண்டு கிடக்கிறது, வினை நடப்பதில்லை. தள்ளிப்போய், சுவரின் உட்புறத்தில் அமிலம் நீர்த்த இடத்தில்தான் இரும்பு விடுபடுகிறது. சங்கிலிகள் அங்கே அறுபடுகின்றன. அறுந்த துண்டுகள் கசிந்து வெளியே வந்த பிறகு நொதிகள் அவற்றைச் சர்க்கரையாக்க, பூஞ்சை உறிஞ்சிக்கொள்கிறது.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். இரும்பு அயனியும் பெராக்சைடும் சுவருக்குள் நகர்ந்து போக வழி வேண்டும். சுவர் நனைந்து விரிந்தால்தான் அந்த வழி திறக்கிறது. காய்ந்த சுவர் மூடிய சுவர்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. செல்லுலோஸின் நீண்ட சங்கிலிதான் மரத்தின் இழுவிசை வலிமை. சங்கிலியை நடுவில் வெட்டிவிட்டால் எடை குறையாது, வலிமை போய்விடும். பழுப்பு அழுகலில் மரத்தின் எடை பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத நிலையிலேயே அதன் அதிர்வு தாங்கும் திறன் பாதிக்கு மேல் போயிருக்கலாம். கண்ணுக்குத் தூண் நன்றாகவே தெரியும்.

அப்புறம், தண்ணீர் தூணுக்குள் எப்படி ஏறுகிறது? மரத்தின் பக்கவாட்டு முகம் எளிதில் நீரை விடாது. குறுக்கே அறுத்த வெட்டுமுகம் அப்படியில்லை. அங்கே செல்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. ஊசியிலை மரங்களில் அவை 3, 4 மில்லிமீட்டர் நீளமும் சுமார் 30 மைக்ரான் விட்டமும் உள்ள நுண்குழாய்கள். அந்த விட்டமுள்ள குழாயில் நீர் கணக்குப்படி ஒரு மீட்டர் வரை ஏறும். செல்லுக்குச் செல் தடுப்பு இருப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. என்றாலும், ஈரத் தரையில் அடிமுகம் பட நிற்கும் தூண் விளக்குத் திரிதான். கான்கிரீட் மேல்தானே நிற்கிறது என்று நினைக்காதீர்கள். கான்கிரீட்டும் நுண்துளை உள்ள பொருள், மண்ணின் ஈரத்தை மேலே கொண்டுவரும். தூணைப் புதைத்துச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றுவது அதைவிட மோசம். மரம் காய்ந்து சுருங்கியதும் சுற்றி ஓர் இடுக்கு விழும். மழைநீர் அதில் இறங்கித் தங்கிவிடும்.

அதனால் தூணின் அடி தரையைத் தொடக்கூடாது. கான்கிரீட்டில் பதித்த, துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியின் (தூணின் அடியைப் பிடித்துத் தாங்கும் இரும்பின்) மேல், கான்கிரீட்டிலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மழை தெறிக்கும் இடம் என்றால் இன்னும் உயர்த்தலாம். முன்பு சொன்ன காற்றின் இழுப்பையும் இதே இரும்புதான் தாங்கியாக வேண்டும், ஆகவே தகட்டின் தடிமனிலும் போல்ட்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். தூணின் மேல்முனையும் வெட்டுமுகம்தான், அது கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உத்தரத்தை வீட்டுச் சுவரில் பொருத்துவதானால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே நீர் தங்காதபடி தகடு மடித்து விடுங்கள்.

மருந்தேற்றிய மரம் வாங்கினால் ஆயுள் கூடும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றும் முறையை 1933இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொந்தி காமேசம். உலகமெங்கும் மின்கம்பங்களையும் பாலங்களையும் காத்த முறை இது. ஆர்சனிக் பற்றிய கவலையால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்திலிருந்து அது விலக்கப்பட்டது. இப்போது ஆர்சனிக் இல்லாத செம்புக் கலவைகள் வருகின்றன. செம்பு சாதாரண இரும்பாணியை அரித்துவிடும், அதனால் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோதான் போட வேண்டும். மருந்து பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் ஏறியிருக்கும். நீங்கள் அறுத்த முகத்தில் மருந்தில்லாத மரம் வெளியே தெரியும், அங்கே மறுபடி பூசுங்கள். அறுத்த பக்கத்தை மேலே வைத்து, மருந்து நன்றாக ஏறிய முனையைக் கீழே வைப்பது இன்னும் நல்லது.

ஒரு மருந்து எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிய மரக்குச்சிகளை மண்ணில் நட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். மூன்று வருட நிதி, மூன்றாம் வருடம் அறிக்கை என்கிற இன்றைய ஏற்பாட்டில் இந்த மாதிரி ஆய்வு பிழைப்பது கஷ்டம். காத்திருக்கும் ஆய்வுகளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமாவாசையில் வெட்டிய மரம் மக்காது என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. எந்த நாளில் வெட்டியது என்று கேட்பதை விட்டு, ஈரமானியின் இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்திப் பாருங்கள். மரம் காயக் காய அதன் மின்தடை பல லட்சம் மடங்கு கூடும். அதை அளந்தே கருவி ஈரத்தைச் சொல்கிறது. பூஞ்சைக்குப் பொருட்டு அந்த எண்தான், திதி அல்ல.

கட்டி முடித்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஒவ்வொரு தூணின் அடியிலும் கூரான உளியையோ குத்தூசியையோ நார்களுக்குக் குறுக்காகச் சில மில்லிமீட்டர் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரமானால் நீளமான சிம்பு ஒன்று நார்நாராகக் கிளம்பும், கிளம்பும்போது சடசடவென்று சத்தம் வரும். சங்கிலிகள் அறுபட்ட மரத்தில் சிம்பு கிளம்பாது. குத்திய இடத்துக்கு நேர்மேலேயே சத்தமில்லாமல் குட்டையாக முறியும். அப்படி முறிந்தால் கூரைக்குத் தற்காலிக முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தூணை மாற்றிவிடுங்கள்.