எட்டு விளக்கும் எரிகிறது, வேகம் மட்டும் 94-ல் நிற்கிறது

"புதுவீட்டுக்கு கேட்6 லேன் கேபிள் இழுத்தோம். எலக்ட்ரீஷியன் டெஸ்டரில் போட்டுக் காட்டினார், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். மாடி அறையில் மட்டும் 94-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. கேபிள் கோளாறா, ரவுட்டர் கோளாறா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

94 என்ற எண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முகவரி, சரிபார்ப்பு போன்ற சுமைகள் போக நம் கைக்கு வருவது ஏறக்குறைய அவ்வளவுதான். கிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், பேச வேண்டிய இரு கருவிகளும் 100-க்கு இறங்கிவிட்டன. விண்டோஸின் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டினால் இது உறுதி. முதலில் இரு முனையிலும் பேட்ச் கார்டை (சுவர் பாயின்ட்டையும் கருவியையும் இணைக்கும் குட்டிக் கேபிள்) மாற்றிப் பாருங்கள். பிறகு அதே லேப்டாப்பை, மாடி லைன் போகும் அதே ரவுட்டர் போர்ட்டில் நேராகச் செருகுங்கள் (சில ரவுட்டர்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட்). அங்கே 1000 வந்தால் கோளாறு சுவருக்குள்தான்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். பிளக்கில் அவை எட்டு பின்களில் (உலோகத் தொடுமுனைகளில்) முடிகின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: பின் 1-2, பின் 3-6. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் நொடிக்கு 12.5 கோடி குறியீடுகள், குறியீட்டுக்கு 2 பிட் என்று 250 எம்பிபிஎஸ் சுமக்கிறது; அதுவும் ஒரே நேரத்தில் இரு திசையிலும். (அம்புக்குறி போட்டு, "இந்தத் திசையில் செருகினால்தான் இசை துல்லியமாக வரும்" என்று லேன் கேபிளை யானை விலைக்கு விற்கிறார்கள். ஜாதகம் பார்த்துச் செருகச் சொன்னாலும் இதே அளவு அறிவியல்தான்.) எந்த வேகத்தில் பேசலாம் என்ற ஆரம்பப் பேரம் மட்டும் 1-2, 3-6 ஜோடிகளிலேயே முடிந்துவிடும். அதனால் மீதி இரண்டு ஜோடிகளான நீலமோ பழுப்போ கெட்டிருந்தாலும் இரு பக்கமும் "கிகாபிட்டுக்குத் தயார்" என்றே ஒப்புக்கொள்ளும். தொடங்கியதும் முடியாமல் போகும். சில கருவிகள் 100-க்கு இறங்கிக்கொள்ளும். சில, லிங்க் விளக்கு அணைந்து அணைந்து எரிய, முயன்றுகொண்டே இருக்கும்.

ஆனால் எட்டு விளக்கும் எரிந்தனவே? அந்த டெஸ்டர் பேட்டரி மின்சாரத்தை ஒவ்வொரு கம்பியாக அனுப்பி, மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. எந்தக் கம்பி எதனுடன் முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்தக் கோளாறின் சூட்சுமமே அந்த முறுக்கில்தான்.

முறுக்கிய ஜோடிக்கு 1881-லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜோடியில் ஒரு கம்பியில் சிக்னல், மற்றதில் அதே சிக்னல் தலைகீழாக. வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் அடுத்தடுத்த முறுக்குகளில் எதிரெதிர் திசையில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதால், கூட்டிப் பார்த்தால் இரைச்சல் தானே அடங்கிவிடும். உறையை ஒரு சாண் உரித்து நான்கு ஜோடிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒன்றின் முறுக்கு நெருக்கமாக இருக்கும், இன்னொன்று சற்றுத் தளர்வாக. எல்லாம் ஒரே அளவில் முறுக்கியிருந்தால் ஒரு ஜோடியின் ஒரு குறிப்பிட்ட கம்பியே, அடுத்த ஜோடியின் ஒரு குறிப்பிட்ட கம்பியோடு வழி முழுக்க ஒட்டிக்கொண்டே போகும், இரைச்சல் அடங்காது. இவ்வளவு கச்சிதமான வேலை ஒரு சாதாரணக் கேபிளுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது நம் ஊரில் அடிக்கடி நடப்பதைப் பார்ப்போம். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிச்சா போதும் சார்" என்று வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அழகாக வரிசை கட்டி கிரிம்ப் அடிக்கிறார்கள் (பிளக்கை அழுத்திப் பொருத்துகிறார்கள்). கண்ணுக்கு ஒழுங்கு. டெஸ்டருக்கும் ஒழுங்கு. ஆனால் பின் 3-ல் வெள்ளை-பச்சையும் 6-ல் நீலமும் வந்து உட்கார்ந்துவிட்டன: வேறு வேறு ஜோடிக் கம்பிகள். அவற்றின் துணைகளான பச்சையும் வெள்ளை-நீலமும் 4-5-ல். 100 எம்பிபிஎஸ்ஸில் 4-5 சும்மா கிடப்பதால் குறைந்த தூரத்துக்குச் சமாளித்துவிடும். கிகாபிட்டில் 4-5-க்கும் உயிர் வந்ததும், ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளில் இரண்டு வேறு சிக்னல்கள் ஓடி ஒன்றின் பேச்சு மற்றதில் கொட்டுகிறது. வாசகர் வீட்டு 94-க்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

டி568பி என்ற தர விதிப்படி சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து நிற்பது பழைய டெலிபோன் பழக்கத்தின் மிச்சம். அதில் நடு இரண்டு பின்களும் முதல் லைனுக்கு, அவற்றை அணைத்து நிற்பவை இரண்டாவது லைனுக்கு. ஒரு முனையில் டி568ஏ (ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிய வரிசை), மறுமுனையில் டி568பி என்று அடித்திருந்தாலும் கிகாபிட் கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும், கவலை வேண்டாம்.

இரு முனையையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். சுவர் முனையில் பிளக்கைவிட கீஸ்டோன் ஜாக்கும் (சுவர்ப் பலகையில் பொருத்தும் சாக்கெட்), அதில் கம்பியை அழுத்திச் செருகும் பஞ்ச் டவுன் டூலும் நல்லது. முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிளக்கே அடிப்பதானால் கேட்6 கம்பிக்குரிய பிளக் வாங்குங்கள்; கேட்5இ பிளக்கில் தடித்த கம்பிகள் கடைசிவரை நுழையாது.

அப்படியும் 1000 வரவில்லையென்றால் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடைக்காரர் பாஷையில் சிசிஏ. மல்டிமீட்டரும் காட்டிக்கொடுக்கும்: ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் அளந்து, மீட்டர் வயரின் தடையைக் கழியுங்கள். 30 மீட்டர் ஓட்டத்துக்கு 24 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு; எண் குறைந்தால் தடிமன் கூடும்) சுத்தச் செம்பில் சுமார் 5 ஓம் வரும், 23 கேஜில் 4. சிசிஏ என்றால் அதே 24 கேஜ் 8-ஐ நெருங்கும். அந்தக் கம்பி ஜாக்கின் பிடியில் எளிதில் முறியும். கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும். அதை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. லேன் கேபிளை 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் விட்டிருந்தால் வேகத்தை மறந்துவிட்டு, முதலில் அதைப் பிரியுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

கேபிளை முழுதாகச் சோதித்து முறையான சான்று தரும் கருவிக்குப் பல லட்சம் ஆகும். ஃபிளாட்டுக்குக் கோடி வாங்கும் பில்டர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ரிப்போர்ட் தரலாம். நாம் கேட்பதில்லை, அவர்களும் தருவதில்லை. அதுவரை வீட்டில் இரண்டு லேப்டாப்பை லைனின் இரு முனையிலும் மாட்டி ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை இரு திசையிலும் பத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். 940 எம்பிபிஎஸ் பக்கம் ஆடாமல் நிற்க வேண்டும், சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தகவல் துண்டுகள்) எண்ணிக்கை பூஜ்ஜியத்திலேயே இருக்க வேண்டும். பார்த்த பிறகு ஃபேஸ்பிளேட்டை (சுவர்ப் பாயின்ட்டின் மூடியை) மூடச் சொல்லுங்கள்.