பைமாஷ் நம்பர் என்றால் என்ன?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய தாய்ப்பத்திரத்தைப் பிரித்தால் ‘பைமாஷ் நம்பர்’ என்று ஒன்று கண்ணில் படும், சிலதில் பைமாசி என்றும் இருக்கும். பாரசீகச் சொல். ‘பைமாயிஷ்’ என்றால் அளத்தல், அவ்வளவுதான். உருதுக்காரர்கள் சொல்லும் பைமானாவும் இதே வேர்தான்.

1792இல் திப்பு சுல்தான் பாராமகாலை (இந்தப் பக்கத்துக்கு அப்போதைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார் (ஓசூர் இதில் சேராது, அது 1799இல்தான் போனது). அப்புறம் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, நிலத்தை அளக்கவைத்து, விவசாயியிடம் நேராக வரி பேசினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று பெயர் வாங்கியது இந்த ஏற்பாடுதான். அவர்கள் போன தடத்திலேயே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது வரைபடத்தை. ஆனால் அந்தக் காலத்துப் பைமாஷ் என்பது பெரும்பாலும் எழுத்துக் கணக்குதான், ஒவ்வொரு வயலுக்கும் படம் போட்டு வைத்ததல்ல. அந்தக் கணக்கில் நிலத்துக்குக் கொடுத்த எண்தான் பைமாஷ் நம்பர். நிலத்தின் அடையாளம் செக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தில் இருக்கும்: வேடியப்பன் கோயிலுக்குப் போகும் தடத்துக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு என்கிற மாதிரி. ஏரி தூர்ந்து, அந்த இன்னாரும் போய்ச் சேர்ந்துவிட்டால் நிலம் எங்கே என்று சொல்ல ஊர்ப் பெரியவர்தான் வர வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் சர்வே துறை வந்த பிறகுதான் வயலுக்கு வயல் எண்ணும் படமும் முறையாக வந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? நில அளவை. நிலம் அளப்பது நமக்குப் புதிதும் அல்ல, சோழர் கல்வெட்டுகளில் உலகளந்த கோல் என்று அளவுகோலுக்கே பெயர் இருக்கிறது, ராஜராஜன் காலத்தில் நாட்டையே அளந்திருக்கிறார்கள்.

பைமாஷ் எண்ணைச் சிலர் ‘புல எண்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. புல எண் இப்போதைய சர்வே நம்பருக்கு உரிய பெயர், இரண்டையும் ஒன்றாக்கினால் பத்திரம் பார்ப்பவர் வேறு யாருடைய நிலத்திலோ போய் நிற்பார். ‘பழைய அளவை எண்’ என்று எழுதி, பக்கத்தில் பைமாஷ் என்றும் போட்டுவிடுங்கள்; தாலுகா ஆபீஸில் கேட்கும்போது அந்தச் சொல்தான் செல்லும்.